இரண்டு படையிலும் இருந்த அப்பா

பிள்ளைகளா, இந்த ஒரு மாதத்தில் உங்களோடு உட்கார்ந்து மூன்று சண்டைப் படம் பார்த்துவிட்டேன். ராஜா காலத்துப் படம் எனக்குப் பிடித்தது. ஆனால் அத்தனை பெரிய படை நாள்கணக்காக நடந்தும் ஓரிடத்தில்கூட உலை வைத்ததாகக் காட்டவில்லை. எல்லையில் நடக்கிற துப்பாக்கிப் படத்தில் பனியை அருமையாக எடுத்திருந்தார்கள். மூன்றாவதில் ஒரே ஆள் சந்தையையே அடித்து நொறுக்கினான். காய்கறிதான் பாவம்.

"நீங்க ஹீரோவப் பாக்கவே மாட்டேங்கிய. ஓரத்துல விழுதவனையே பாக்கிய" என்று சின்னவள் குறைப்பட்டாள். அதற்குக் காரணம் உண்டு.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். பிசான நெல் அறுப்பு முடிந்து எங்கள் கல்லிடைக்குறிச்சி வயல்கள் வெறுமையாய்க் கிடந்தன. அங்கே ராஜா படம் ஒன்று எடுக்க வந்தவர்கள், போர்வீரர்களாக நிற்க ஆள் கேட்டார்கள். வேலையில்லாமல் இருந்த என் அப்பாவும் போனார். காலையில் நீலத் துணி கட்டி நல்ல ராஜாவின் படையில் நிறுத்தினார்கள். மத்தியானம் முட்டையோடு சாப்பாடு. கை கழுவி வந்ததும், எதிரிப் படையில் ஆள் குறைகிறதென்று சிவப்புத் துணி கட்டிவிட்டார்கள். இரண்டு படையிலும் அவருக்கு ஒரே வேலைதான்: வெட்டுப்பட்டு விழவேண்டும்.

முதுகெல்லாம் புழுதியோடு வீட்டுக்கு வந்தவரிடம், "யாரு ஜெயிச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"அது தெரியல. ஆனா நான் நல்லா விழுதேன்னு சொன்னாவ. 'அண்ணாச்சி, இன்னொரு தரம் விழுங்க'ன்னு கேட்டு கேட்டு எடுத்தாவ."

ஹீரோவுக்குப் பக்கத்தில் நின்று சண்டை போடுவது என் அப்பாதான் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டேன். படம் அம்பாசமுத்திரத்துக்கு வந்ததும் மேட்னிக்குப் போனோம். முழுக்கதையையும் பார்த்து வந்து சொல்லாவிட்டால் என்னைப் பொய்யன் என்பார்கள்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஹீரோ குதிரையில் பாய்ந்து வந்தார். சிவப்புத் துணி கட்டிய ஒருவன் ஈட்டியோடு திரும்பினான். ஒட்டுமீசை வைத்த என் அப்பா! வாள் ஒரு வீச்சு. அப்பா மல்லாந்து விழுந்தார். கொட்டகையே விசிலடித்தது. நான் பெஞ்சில் ஏறி நின்று, "எங்கப்பா! ஹீரோ எங்கப்பாவத்தான் வெட்டுனாரு!" என்று கத்தினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அம்மா பின்பெஞ்சில் விசிலடித்த பையனிடம் திரும்பினாள். "ஏலே, என்னத்துக்குலே விசிலடிக்க? விழுந்தது யாருன்னு தெரியுமாலே? மூணு பிள்ளைக்குத் தகப்பன்லே!"

"யக்கா, அவன் எதிரிப் படைல்லா?"

"எதிரியாம் எதிரி. உன் வீட்டுல என்னத்தத் திருடுனாவ?"

அப்பா வெட்கத்தில் குனிந்துகொண்டார். "ஏளா, சும்மா இரி. நான் இங்கனதான இருக்கேன்."

அம்மா இருட்டில் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இடைவேளையில் அவர் முறுக்கு வாங்கப் போக எழுந்தபோதும் விடவில்லை.

"இனிமதான் பெரிய சண்டை வருது" என்று அப்பா என்னை உற்சாகப்படுத்தினார். "நீலத் துணியிலயும் ஒரு தரம் விழுந்தேன்லா, அது இருக்கும்."

அம்மா உடனே எழுந்தாள். "வாங்க, வீட்டுக்குப் போவோம்."

நான் அழுதேன், காலை உதறினேன், பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் பலிக்கவில்லை.

ஆற்றுப் பாலத்தில் வெயில் இன்னும் தணியவில்லை. அப்பாவை முன்னால் நடக்கவிட்டு அம்மா பின்னால் நடந்தாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வேன் என்று விம்மிக்கொண்டே நான் கடைசியாக வந்தேன். அம்மாவோ, அப்பாவின் குரல் கொஞ்சம் நின்றாலும், அவரிடம் எதையாவது கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மழ வருமா?"

"வராது."

"முட்டு வலிக்கின்னியளே, இப்பத் தேவலையா?"

"தேவல."

"நாளைக்குக் கத்தரிக்கா வாங்கவா, வெண்டக்கா வாங்கவா?"

இப்பேர்ப்பட்ட போரைப் பாதியில் விட்டுவிட்டு வந்து என்ன கத்தரிக்காய்ப் பேச்சு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா ஆற்றில் குளிப்பவர்களைப் பார்த்தபடி நடந்தார்.

அம்மா விடவில்லை. "கேக்குதேன்லா, சொல்லுங்க. கத்தரிக்காயா, வெண்டக்காயா?"