பத்தாவது முட்டை

எங்கள் ஆமை இனப்பெருக்க நிலையத்தில் அவரைப் பென்சில் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பத்தொன்பது வருடமாக அவர் காதில் பென்சில் இல்லாமல் நான் பார்த்ததில்லை. ஆமை மணலில் இட்ட முட்டையைத் தூக்கும் முன் அதன் மேல்பக்கத்தில் கோடு போட வேண்டும். குஞ்சு பொரியும்வரை அந்தக் கோடு மேலேயே இருக்க வேண்டும். புரண்டால் உள்ளே ஒட்டியிருக்கும் கரு செத்துவிடும். விட்டால் பெற்ற பிள்ளை தலையிலும் கோடு போடுவார் என்று அண்ணி கிண்டல் செய்வார்.

அப்பேர்ப்பட்டவர்தான் அன்றைக்கு, மழை வருகிற அவசரத்தில், பத்தாவது முட்டையைக் கோடு போடாமல் தூக்கினார். கை வழுக்கி, மணலில் இரண்டு சுற்று உருண்டது. யானைக்கும் அடி சறுக்கும். அவர் என்னைப் பார்த்தார், நான் மணலைப் பார்த்தேன். குத்துமதிப்பாக ஒரு கோடு போட்டு, நான் பிடித்திருந்த பெட்டியில் வைத்தார்.

இரண்டு மாதத்தில் ஒன்பது குஞ்சுகள் வந்தன. பத்தாவது வரவில்லை. பொரிப்பு அறையில் அது இருந்தது ஹீட்டரை ஒட்டிய மூலை. சூடுதான் கொன்றுவிட்டது என்று நிலையத்தை நடத்தும் டாக்டரம்மா முடிவு கட்டினார். அதே அறையில் அடுத்த முறை இட்ட முட்டைகள் பதினான்கு இருந்தன. உடனே இரண்டு டிகிரி குறைக்க வேண்டும் என்றார்.

சூடு குறைந்தால் இந்த ஆமைக்குப் பிறப்பதெல்லாம் ஆண். நிலையத்தில் மிச்சமிருந்ததோ மூன்றே பெண் ஆமைகள், மூன்றும் கிழடு. அது டாக்டரம்மாவுக்கும் தெரியும். ஆணானாலும் உயிரோடு வரட்டும் என்றார்.

ஹீட்டரின் திருகில் அவர் கை வைத்தபோது அண்ணன் முன்னால் வந்தார்.

"சூடு இல்லம்மா. அது என் கையில உருண்ட முட்டை. கோட்டை நான் சும்மா போட்டேன்."

டாக்டரம்மா கையை எடுத்துவிட்டார்.

"கூட யாரு இருந்தா?"

நான் ஹீட்டரைப் பார்த்தேன்.

"யாரும் இல்லம்மா. நான் மட்டும்தான்."

அண்ணன் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. டாக்டரம்மா அந்தப் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இனிமே கோடு நீங்க போடுங்க. உங்களை நம்பலாம்ல?"

வாங்கிக்கொண்டேன்.