காது உடைந்த நந்தி

அண்ணன் அந்தக் கல்லைப் பேருந்தில் ஏற்றியபோது நான் கூட இருந்தேன். உளி தவறிக் காது உடைந்துபோன ஒரு சின்ன நந்தி. இனி விலை போகாது என்று எங்கள் ஊரை அடுத்த மாமல்லபுரத்துக் கல் பட்டறையில் வெளியே மணலில் தள்ளியிருந்தார்கள். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள்.

"இன்னா அண்ணாத்த, சாமிக்கு டிக்கெட் வாங்கலியா?" என்றார் கண்டக்டர்.

"காது போன சாமிதான. அரை டிக்கெட் போட்டுக்க."

"வழியில சாணி போட்டா நீதான் வாரணும், சொல்லிட்டேன்."

பேருந்தே சிரித்தது. நான் அப்போது செங்கல்பட்டில் பள்ளி இறுதி வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு அதே ஊரில் ஓர் அரிசி ஆலையில் வேலை. உமியை ஊதித் தள்ளும் புளோயர் அங்கே பல வாரங்களாக ஆடிக்கொண்டிருந்தது. அதன்மேல் வைத்த டீ கிளாஸ் தானாக நடந்துபோய்க் கீழே விழும் என்பான். போல்ட்டை முறுக்கிப் பார்த்தார்கள். அடியில் சாக்கைத் திணித்துப் பார்த்தார்கள். கல்லை வைத்துப் பார்க்கலாம் என்று சொன்னவன் அண்ணன்தான். நந்தியை மிஷினின் அடிச்சட்டத்தில் உட்காரவைத்து இரும்புப் பட்டையால் இறுக்கிக் கட்டினான்.

"மொதலாளி தோள்ல தட்னாரும்மா. ஆட்டம் கப்சிப்னு பூட்ச்சு" என்று வீட்டில் வந்து சொன்னான். அவன் பள்ளிக்கூடமே போகாதவன். அவன் கூலியில்தான் நான் போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்கு அம்மா அவனுக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டாள்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் புளோயரின் இறக்கை ஒன்று முறிந்து, தகட்டு மூடியைக் கிழித்துக்கொண்டு வெளியே பறந்தது. அண்ணன் நேர் எதிரே நின்று உமி வாரிக்கொண்டிருந்தான்.

அண்ணன் குடித்துவிட்டு வந்து ஸ்பேனரை உள்ளே தவறவிட்டான், அதில் அடிபட்டு இறக்கை முறிந்தது என்று ஆலையில் சொன்னார்கள். சாராயக் கடைகள் திறந்திருந்த காலம் அது. முந்தின நாள் மாலை அவன் கடைக்குப் போனதும் உண்மை. அதனால் எங்கள் பக்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அம்மாவும் நம்பினாள்.

இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். ஒவ்வொரு வருடமும் அம்மாவின் தம்பி, என் மாமா, அண்ணன் இலையில் ஒரு சாராய பாட்டிலை வைப்பார். கடைகளை மூடிய பிறகும் எங்கிருந்தோ கொண்டுவந்தார். "அதக் குடிச்சிட்டுத்தான பூட்டான். அது இல்லாம எப்டிக்கா?" என்பார். ஆசையோடுதான் செய்தார். அம்மா அந்த இலையைப் பார்க்காமல் கற்பூரம் காட்டுவாள்.

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். சொல்லிக்கொள்ளக் கூச்சமில்லை. பாலிடெக்னிக் முடித்து, சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் பெரிய பெரிய பம்புகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த ஓர் இடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மிஷின் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். என் காக்கிச் சட்டைக்கு அம்மா கஞ்சி போட்டுத் தருவாள்.

அங்கேதான் சுழலும் மிஷின்களின் அதிர்வை அளக்கும் முதல் பாடம். பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு மேஜைமேல் சின்ன மோட்டாரையும் ஓர் இரும்பு வட்டையும் ஓடவிட்டார். பிறகு நிறுத்தி, வட்டின் ஓரத்தில் ஒரே ஒரு திருகாணியைச் செருகி மறுபடி ஓட்டினார். மேஜை தடதடத்தது. தண்ணீர் டம்ளர் நகர்ந்து விளிம்புக்கு வந்தது. ஒரு மணல் மூட்டையைத் தூக்கி மேஜைமேல் போட்டார். டம்ளர் நின்றது.

"சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார்" என்றார்கள் எல்லோரும்.

மீட்டரின் முனையை, வட்டின் அச்சைத் தாங்கும் பேரிங் மேல் வைத்துக் காட்டினார். ஊசி கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. திருகாணி இன்னும் வட்டில்தான் இருக்கிறது, மேஜை வாங்கிய அடியை இப்போது பேரிங்கும் ஷாஃப்ட்டும் வாங்குகின்றன என்றார். எடை ஒரு பக்கம் கூடினாலும் ஆடும், ஒரு பக்கம் குறைந்தாலும் ஆடும். புளோயர் என்றால் உமியோ தூசியோ அரம்போல அராவி ஓர் இறக்கை மட்டும் தேய்ந்திருக்கலாம், விரிசல் விட்டிருக்கலாம் என்றார்.

நான் எழுந்து நின்றேன். "சார், மூட்டைக்குப் பதிலா கல்லு வச்சுக் கட்டினா?"

"மாமல்லபுரத்துப் பொண்ணாச்சே, கல்லத்தான் கேக்கும்" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, வகுப்பு சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. "கல்லும் இதைத்தான் செய்யும். இன்னொண்ணும் செய்யும். ஆட்டம் நின்னுபோச்சுன்னு நம்பி எல்லாரும் பக்கத்துல போய் நிப்பாங்க."

மதியச் சாப்பாட்டை நான் பிரிக்கவில்லை. சுற்றுச்சுவருக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. ஸ்பேனர் விழுந்தது அன்றைக்கு என்றால், அதற்கு முன்னால் அத்தனை வாரம் புளோயர் எதனால் ஆடியது? இந்தக் கேள்வியை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

அந்த வருடப் படையலுக்கு முன்பே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மிஷின் உள்ளே ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது, ஆடி ஆடி அதைத்தான் காட்டியது, அண்ணன் எதையும் தவறவிடவில்லை என்றேன். அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

படையலன்று மாமா இடுப்பிலிருந்து பாட்டிலை எடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துகினு போடா. அவன் குடிச்சிட்டுச் சாவல."

"இன்னாக்கா இப்ப புதுசா? ஊருக்கே தெரியும்."

"ஊரு இன்னாத்த கண்டுச்சு? மிஷினு உள்ளயே கெட்டுப்போய் கெடந்துகீது. எம் பொண்ணு அதத்தான் படிக்குது. அது சொல்லுது."

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பாட்டிலை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு அவர் வெளியே போய் நின்றார். அண்ணன் இலையில் சோறும் கருவாட்டுக் குழம்பும் ஒரு டீ கிளாஸும் இருந்தன. அம்மா அவன் பெயரைச் சொல்லி அழுதாள். அவன் போன பிறகு அந்தப் பெயர் அவள் வாயில் வந்தது அன்றைக்குத்தான்.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு இலைகளை எடுத்துக்கொண்டிருந்தோம். அம்மா குனிந்தபடியே கேட்டாள்.

"ஆடி ஆடிக் காட்டுச்சுன்னியே. அப்போ அவன் அந்தக் கல்ல வச்சது?"

அவள் இதைக் கேட்கமாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

"கல்லால மிஷின் ஒடையலம்மா. அது ஒடையத்தான் இருந்துச்சு."

"அதக் கேக்கல. கல்லு இல்லாங்காட்டி ஆடிகினே இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்."

"ஆடிகினு இருந்தா கிட்ட போயிருப்பானா?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. டீ கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள். "வெவரம் தெரிஞ்ச யாரும் அந்த மில்லுல இல்லியே" என்றாள்.

இப்போது படையலில் பாட்டில் கிடையாது. அண்ணன் பெயரை அம்மா எல்லோர் முன்னாலும் சொல்கிறாள். ஆனால் மாமல்லபுரத்தில் பேருந்து கல் பட்டறைகளைத் தாண்டும்போது, உளிச் சத்தம் கேட்கத் தொடங்கியதுமே, ஜன்னலோரம் இருக்கும் அம்மா எழுந்து என்னை அங்கே உட்காரச் சொல்கிறாள்.