நாலடி பிளேடு

மலேசியாவில், செடெனாக்கில் இருக்கும் என் மாமனார் வீட்டின் பின்கொட்டகையில் அந்த நாலடி பிளேடு இன்னும் டிராக்டரின் பின்னால் மாட்டியபடியே இருக்கிறது. பிளேடு என்றதும் சவரக் கத்தியை நினைத்துவிட வேண்டாம். மூன்று பக்கமும் கனத்த இரும்புத் தகடு, முன்பக்கம் திறந்த பெட்டி. டிராக்டர் இழுக்க இழுக்கத் தரையோடு வந்து மேட்டைச் சுரண்டும், சுரண்டிய மண்ணைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விடும். செம்மண் பாதையைச் சமப்படுத்த அதைவிட நல்ல சாமான் கிடையாது, அளவு சரியாக இருந்தால். எங்கள் குடும்பத்தில் அது ஒரு பழைய கேலிப்பேச்சு. முப்பது வருடம் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய என் மாமனார் சொந்த டிராக்டருக்கு அளவு தெரியாமல் வாங்கிய பிளேடு என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் யாராவது ஆரம்பிப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், மாமாவும் சேர்ந்து சிரிப்பார். அந்த நேரம் பார்த்து எனக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும்.

கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குப் போனபோது மாமியார் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனை, மாமாவின் ஐந்து ஏக்கர் தோட்டம், அதற்கு நடுவில் வீடு. வாசலில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் பனைதான். பெரிய சாலைக்குப் போக அரை மைல் செம்மண் பாதை, இரண்டு பக்கமும் வாய்க்கால். என் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை நண்பர்களோடு ஜொகூர் பாருவில் தங்கிப் போய்வந்தார். ஆக, வாரத்தில் ஐந்து நாள் அந்த வீட்டில் மாமாவும் நானும் மட்டும்தான். எனக்குச் செனாயில் ஒரு தொழிற்சாலையில் காலை வேலை. கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொள்ளும், மழை இல்லாவிட்டால். மழை பெய்தால் பாதை குழம்பாகிவிடும். காலணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு சாலைவரை நடக்க வேண்டும்.

மாமாவைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். நான் எழுவதற்கு முன்பே எழுந்து சுடுதண்ணீர் போட்டு வைப்பார். நான் வேலை முடிந்து வரும்வரை சாப்பிட மாட்டார். நான் ஹாலுக்கு வந்தால் மரியாதைக்கு எழுந்து வெளியே போய்விடுவார். அவர் உட்காரட்டுமே என்று நான் அறைக்குள்ளேயே இருப்பேன். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக் கடைசியில் ஹாலில் யாருமே இருக்க மாட்டோம், டிவி தனக்குத்தானே பாடிக்கொண்டிருக்கும். லீவு நாளில் காலை நீட்டிப் படுக்கக்கூட எனக்குக் கூச்சம். ஒரு வேளை சமைக்காமல் இருக்க முடியாது, தலை வலிக்கிறது என்று சொல்ல முடியாது, சொன்னால் தைலத்தைத் தேடிக்கொண்டு வீடு முழுக்க நடப்பார். திட்டுகிற மாமனாராக இருந்தால் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியிருப்பேன். இவரிடமிருந்து எதைச் சொல்லிப் போவது? எனக்கு மூச்சு முட்டியது. அந்த வீட்டில் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று உண்மையிலேயே பயந்தேன்.

அதனால் கணவரிடம் பாதையைச் சொன்னேன். வேன் வரவில்லை, வேலை போய்விடும், கூலாய் டவுனில் வீடு பார்க்கலாம் என்று வாரா வாரம் பாடினேன். அவர் அதை அப்படியே அப்பாவிடம் போய்ச் சொன்னார். அடுத்த மாதமே மாமா பழைய ஜப்பான் டிராக்டர் ஒன்றை, சின்ன ரகம்தான், எங்கிருந்தோ ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். “பிளேடு ஒண்ணு வாங்கிட்டா போதும்மா. ரோடு ஜம்முன்னு ஆயிடும். வேன் நம்ம வாசலுக்கே வரும்” என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை கூலாயில் ஒரு சீனர் கடைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். எந்த டிராக்டருக்கு எந்த அளவு பிளேடு என்று போட்ட அட்டவணைப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, மாமாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. கடையில் நாலடியில் ஒன்று, ஐந்தடியில் ஒன்று, இரண்டும் சிவப்புச் சாயத்தோடு பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மாமா குனிந்து இரண்டையும் தட்டிப் பார்த்தார், கீழ்விளிம்பை விரலால் தடவினார், மண்ணைக் கிளறும் பல் வரிசையை ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், “புக்குல என்ன போட்டிருக்கு, பாரும்மா” என்றார்.

புத்தகத்தில் தெளிவாகத்தான் போட்டிருந்தது. டிராக்டரின் பின்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்த வெளி அகலத்தைவிடப் பிளேடு கொஞ்சம் அகலமாக இருக்க வேண்டும், குறைந்தால் சமப்படுத்திய மண்ணில் சக்கரமே மறுபடியும் தடம் போட்டுவிடும். எங்கள் டிராக்டருக்கு நேராக ஐந்தடி என்று இருந்தது. நான் அதை இரண்டு முறை படித்தேன். பாதை சரியாகிவிட்டால் நான் அந்த வீட்டைவிட்டுப் போக ஒரு காரணமும் மிஞ்சாது என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. வாய் தானாகச் சொன்னது: “சின்ன டிராக்டருக்கு நாலடிதான் போட்டிருக்காங்க மாமா.”

மாமாவின் கை கால்சட்டைப் பைக்குள் போனது. நீல நைலான் கயிறு ஒன்றைப் பாதி வெளியே இழுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு கயிற்றைப் பைக்குள் திணித்துவிட்டார். சாமானைக் கட்டக் கொண்டுவந்த கயிறு என்று நினைத்தேன். ஐந்தடிதான் நல்லது என்று கடைக்காரர் மலாயில் எவ்வளவோ சொன்னார். மாமாவும் மலாயிலேயே, என் மருமகள் படித்தவள், அவள் சொல்வதே இருக்கட்டும் என்று முடித்துவிட்டார்.

நான் எதிர்பார்த்தபடியே ஆனது. பிளேடு நடுவில் வழித்துக்கொண்டு போக, இரண்டு சக்கரமும் பிளேடுக்கு வெளியே புதுத் தடம் போட்டன. தினமும் சாயங்காலம் மாமா ஒரு தடவை வலப்பக்கம் ஒதுங்கி இழுப்பார், ஒரு தடவை இடப்பக்கம் ஒதுங்கி இழுப்பார், வாய்க்காலில் சக்கரம் இறங்காமல் விளிம்பிலேயே ஓட்டுவார். அப்படியும் தடம் மிஞ்சும். டிராக்டரை நிறுத்திவிட்டு மண்வெட்டியோடு இறங்கி, அரை மைலுக்கும் அந்தத் தடத்தைக் கையால் மூடிக்கொண்டே வருவார். அறுபத்தாறு வயது அவருக்கு. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வெங்காயம் நறுக்கினேன், கண்ணைத் துடைக்க அது வசதியாக இருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். சொல்லவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் பாதை சரியாகிவிட்டது. ஒரு காலை கம்பெனி வேன் வாசலுக்கே வந்து ஹாரன் அடித்தது. “ரோடு சூப்பர்லா, தாத்தா!” என்று வேன்காரர் கத்தினார். மாமா படியில் நின்று கையசைத்தார். நான் வேனில் ஏறி உட்கார்ந்து, இனி சாகும்வரை இந்த வீடுதான் என்று நினைத்துக்கொண்டேன். செனாய் போய்ச் சேரும்வரை அழுகை நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் பல்வலி என்று சொன்னேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே மகனிடம் பேச்சை ஆரம்பித்தார்.

“இந்த ரோடு தேறாது தம்பி. அடுத்த மழைக்கு நிக்காது. கூலாயில வீடு பாருங்க. நான் பிளேட தப்பா எடுத்துட்டேன்.”

“என்னப்பா, முப்பது வருஷம் ஓட்டுன ஆளு நீங்க. அளவு தெரியாதா?” என் கணவர் சிரித்தார்.

“வயசாயிடுச்சில்ல” என்று மாமாவும் சிரித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் நான் அதைத் துருவிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போக முடிந்திருக்காது. இரண்டு மாதத்தில் கூலாய்க்கு வந்துவிட்டோம். சாமான் லாரி அந்தப் பாதையில் ஒரு குலுக்கல் இல்லாமல் போனது, ஒரு பீங்கான் தட்டுகூட உடையவில்லை. அதன் பிறகு பதினொரு வருடம் மாமா அங்கே தனியாக இருந்தார். ஞாயிறுதோறும் போவோம். நாங்கள் வருகிற நாளைக்கு முன்தினம் பாதையை இழுத்து வைத்திருப்பார். சுதந்திரமாக இருக்கத்தான் கூலாய்க்கு வந்தேன், காலை நீட்டிப் படுக்கவும் செய்தேன். ஆனால் அந்தக் கேலிப்பேச்சு எழும்போதெல்லாம் அதே பழைய மூச்சுமுட்டல்தான்.

மாமா போய் ஒரு வருடமாகிறது. போன வாரம் டிராக்டரை விலைக்குப் பார்க்க ரெங்கம் ஊரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கொட்டகையில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிளேடு சின்னதாக இருக்கிறதே என்றார். என் கணவர் வழக்கம்போல ஆரம்பித்தார். “எங்கப்பா எடுத்தது. முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டுனவரு, அளவு பாக்காம வாங்கிட்டாரு.”

நான் சாவியைத் தேடி டிராக்டர் இருக்கைக்கு அடியிலிருந்த கருவிப்பெட்டியைத் திறந்தேன். ஸ்பானர்களுக்குக் கீழே அந்த நீலக் கயிறு சுருட்டி வைத்தபடி இருந்தது. அதில் இரண்டு முடிச்சு. ஏனென்று தெரியாமலே ஒரு முடிச்சை இடப்பக்கச் சக்கரத்தின் வெளி ஓரத்தில் வைத்து மறுபக்கம் இழுத்தேன். அடுத்த முடிச்சு வலப்பக்கச் சக்கரத்தின் வெளி ஓரத்தில் சரியாகப் போய் நின்றது. பிளேடுக்கு மேல் பிடித்தேன். இரண்டு பக்கமும் அரைச் சாண் கயிறு மிஞ்சி நின்றது. கடைக்குக் கிளம்பும் முன்பே மாமா அளந்து வைத்திருக்கிறார்.

கணவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை போய்ப் புகுந்துகொள்ள அங்கே அடுப்படியும் இல்லை. கயிற்றை அவர் கையில் கொடுத்தேன்.

“உங்கப்பா அளவு பாத்துட்டுத்தான் கடைக்கு வந்தாருங்க” என்றேன். “புக்குல அஞ்சடின்னுதான் போட்டிருந்துச்சு. நான்தான் நாலடின்னு படிச்சு சொன்னேன்.”