மாமா வாயில் வராத லீவ்

அக்காவை எங்கள் வீட்டில் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். என் லாத்தா காலேஜில் இங்கிலீஷ் படித்தாள். அவள் இங்கிலீஷ் பேசினால் நான் செய்கிற வேலையை விட்டுவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதே வாயால்தான் இறால் ஆணம் சாப்பிடுகிறாள், அதே வாயால்தான் என்னைத் திட்டுகிறாள். இங்கிலீஷ் ஆரம்பித்துவிட்டால் மட்டும் அந்த உதடும் நாக்கும் வேறு யாருடையதாகவோ ஆகிவிடும். தலத்தெருவில் எங்கள் சந்தில் அப்படி ஒரு வாய் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை என்று எனக்குப் பெரிய பெருமை.

மாமாவுக்கு, அதாவது உம்மாவின் ஒரே தம்பிக்கு, துபாயில் ஒரு கிடங்கில் வேலை அமைகிற மாதிரி இருந்தது. போனில் இங்கிலீஷில் கேள்வி கேட்பார்கள், தேறினால் விசா. மாமா காரைக்காலில் ஒரு பெயிண்ட் கடையில் நின்று நின்றே முப்பதைத் தாண்டியிருந்தார். பெண் பேச வந்தவர்கள் எல்லாம் மாப்பிள்ளை சபர் போகிறவரா, வெளிநாட்டுச் சம்பாத்தியம் உண்டா என்று விசாரித்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். இந்த வேலையும் கைநழுவினால் மாமாவுக்குக் கல்யாணமே இல்லை என்று குடும்பமே முடிவு கட்டியிருந்தது. அவரைத் தேற வைக்கும் பொறுப்பை உம்மா லாத்தா தலையில் கட்டினாள்.

மாமா கடை முடிந்து வந்ததும் கூடத்து ஊஞ்சலில் பாடம் நடக்கும். "லிவ்வுன்னா ஒரு ஊர்ல இருக்கிறது. குறில் மாதிரி வெட்டி நிறுத்துங்க. லீவ்னா ஊரை விட்டுக் கிளம்புறது. நெடில் மாதிரி இழுங்க" என்றாள் லாத்தா. எனக்குத் தெரிந்த லீவு, வாப்பா குவைத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் மாதம்தான். ஆனாலும் லாத்தா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

"ஐ லிவ் இன் காரைக்கால்" என்று மாமா கச்சிதமாகச் சொன்னார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அடுத்த வரியில்தான் வண்டி நின்றது.

"ஐ லீவ் காரைக்கால் அண்ட் கம்."

"அண்ட் கம் எங்கேர்ந்து மாமா வந்துச்சு?"

"அது இல்லாம மொட்டையா எப்படிம்மா சொல்றது? நல்லாவா இருக்கு?"

மறுநாளும் அண்ட் கம். அதற்கு மறுநாளும் அண்ட் கம். கடைசியில் லாத்தா பொறுமை இழந்து, "என்னால முடியாது, நான் பக்கத்து வீட்டுக்குப் போறேன்" என்று எழுந்தாள்.

"என்ன சொன்னே?" என்று அடுப்படியிலிருந்து உம்மா கேட்டாள். குரல்கூட உயரவில்லை. வாசல்வரை போன லாத்தா திரும்பி வந்து செருப்பைக் கழற்றினாள். கூடத்தில் நின்று, "போயிட்டு வர்றேன்மா" என்று சொன்னாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து கோபத்தைத் தொடர்ந்தாள்.

எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். எங்கள் வீட்டில் கொஞ்சம் கூடுதல். உம்மாவின் வாப்பா, அதாவது என் நன்னா, சிங்கப்பூருக்குக் கிளம்பிய விடியற்காலையில் உம்மா சின்னப் பிள்ளை. எழுப்பினால் அழுவாள் என்று சொல்லாமலே கிளம்பிவிட்டாராம். அங்கேயே மௌத்தாகி அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். மாமா அப்போது கைக்குழந்தை. இதையெல்லாம் நான் சோறு தின்றுகொண்டே பலமுறை கேட்டிருக்கிறேன்.

துபாய் போன் ஒரு மத்தியானம் வந்தது. காற்றாடியை நிறுத்திவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு ஊஞ்சல் பலகையில் வைத்தார்கள். பலகை ஆடாமல் இருக்க லாத்தா சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். இறால் உரித்துக்கொண்டிருந்த உம்மா ஈரக்கையோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கடலுக்கு அப்பால் இருக்கிற ஒரு மனுஷன் எங்கள் ஊஞ்சலில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. எனக்கு மூச்சுவிடவே பயம்.

எங்கே வசிக்கிறீர்கள் என்று அந்தக் குரல் இங்கிலீஷில் கேட்டது. மாமா லிவ்வை வெட்டி நிறுத்தினார். லாத்தா கண்ணை மூடித் திறந்தாள்.

"வென் கேன் யூ லீவ்?"

அடுத்த மாதம் கிளம்பலாம் என்ற பதிலை லாத்தா சத்தமில்லாமல் வாயசைத்துக் காட்டினாள். மாமா தலையைத் தூக்கி அடுப்படி வாசலைப் பார்த்தார்.

"நெக்ஸ்ட் மன்த் ஐ வில் கோ அண்ட் கம், சார்."

லாத்தா தலையில் அடித்துக்கொண்டாள். விசாவும் போச்சு, மாமியும் போச்சு என்று நினைத்தேன். திடீரென்று அந்த ஆள் சிரித்தார். பிறகு மலையாளம் கலந்த தமிழில் பேசினார். "போயிட்டு வராம், அல்லே? எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்லணும். சரி, அடுத்த மாசம் வாங்க."

மாமா மேல் எனக்கு வந்த பிரமிப்புக்கு அளவே இல்லை. லாத்தாவின் இங்கிலீஷ் ஒரு பக்கம் நிற்க, துபாய் ஆபீசரையே தமிழ் பேச வைத்தவர் அல்லவா அவர். அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் தீர்த்தேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. கேள்வி கேட்டவர் போனில் இருக்க, மாமா எதற்கு உம்மாவைப் பார்த்துப் பதில் சொன்னார்? உம்மாவும் வேலை கிடைத்ததா என்று நின்று கேட்கவில்லை. அந்த 'கம்' காதில் விழுந்ததுமே உள்ளே போய்விட்டாள். நாங்கள் கூடத்தில் குதித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அடுப்படிக் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. இறால் வாடை கையை விட்டுப் போக அவ்வளவு தண்ணீர் வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.