நெய்ப்பந்தத்துக்கு ஒரு பேரன்

அப்பாவுக்கு இருந்தது ஒரே ஆசை. தான் செத்தால் பேரன் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வர வேண்டும். பேரப்பிள்ளைகள் தீப்பந்தம் பிடித்துப் பிணத்தைச் சுற்றினால்தான் போகிற வழியில் வெளிச்சம் என்பது பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவின் நம்பிக்கை. மகளான எனக்குப் பிள்ளை இல்லை. அது ஊருக்கே தெரியும், ஊரே சொல்லியும் காட்டியது. இருந்த ஒரே பேரன் அண்ணன் மகன். பினாங்கில் பிறந்து அங்கேயே வளர்ந்தவன்.

அறுபதுகளின் கடைசியில் அப்பா தறியிலேயே மயங்கி விழுந்தார். கஞ்சி கூட இறங்கவில்லை. வைத்தியர் உதட்டைப் பிதுக்கினார். தந்தி கொடுத்தேன். அண்ணன் தன் மனைவியோடும் மகனோடும் கப்பலேறினான்.

பேரன் முகத்தைப் பார்த்தாரே, அவ்வளவுதான்! மறுநாளே கிழவர் எழுந்து உட்கார்ந்து கோயில் இட்லி கேட்டார். எமனுக்கே டிமிக்கி கொடுத்துவிட்டார் என்று தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. மறுபடி இப்படி வர அவனுக்கு லீவும் கிடைக்காது, வசதியும் கிடையாது.

அப்பாவுக்கும் அது தெரியும். "அவங்க வந்த அன்னிக்கே நான் போயிருக்கணும்மா. பாரு, வெக்கங்கெட்டு இட்லி துன்னுக்கினு இருக்கேன்," என்றார் என்னிடம்.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தைய நாள் கட்டிலில் நீட்டிப் படுத்துக்கொண்டு, பேரன் கையில் ஒரு தறிக்குச்சியைக் கொடுத்தார். நுனியில் கந்தல் துணி சுற்றியிருந்தது.

"தாத்தாவ சுத்தி வாடா கண்ணு, பாக்கலாம்."

விளையாட்டென்று நினைத்துப் பையன் சிரித்துக்கொண்டே கட்டிலைச் சுற்றினான். அப்பா கண்ணை மூடி அசையாமல் கிடந்தார். அண்ணி பார்த்துவிட்டாள்.

"ஐயோ, உயிரோட இருக்கிற மனுஷனுக்கு எம் புள்ள கையால இதச் செய்யறதா!" என்று குச்சியைப் பிடுங்கி எறிந்தாள். அவள் மேல் தப்பில்லை. ஆனாலும் அன்று அவளை அறைந்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

அவர்கள் கப்பல் பினாங்கு போய்ச் சேருவதற்குள் அப்பா போய்விட்டார்.

பாடையைத் தூக்கும் முன் பங்காளிப் பெரியவர் என் பக்கம் திரும்பினார். "பந்தம் புடிக்கப் பேரப்பசங்க இல்லியேமா. எதிர்வூட்டுப் பசங்களக் கூப்பிடட்டுமா?"

"வேணாம்பா. எங்க அண்ணன் புள்ள அன்னிக்கே புடிச்சிட்டான். தூக்குங்க."

தூக்கினார்கள். அந்தப் பந்தம் எரியவில்லை என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.