இடப்பக்கத்து எண்ணை வாசியுங்கோ

துப்பாக்கிக் கடையில் வேலை என்றால் வீரம் விற்கிற வேலை என்று நினைக்காதீர்கள். அது பயத்தை விற்கிற வேலை, அதையும் யாரும் விரும்பி வாங்குவதில்லை.

துப்பாக்கிச் சத்தம் போதும் என்று மன்னாரிலிருந்து ஓடி வந்த நான், பலேர்மோ துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஒன்பது வருடமாக நிற்கிறேன். தலையெழுத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் தங்கள் ரிவால்வருக்குத் தாங்களே வீட்டில் தோட்டா செய்கிறவர்கள். சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கோதை எடுத்துத் துடைத்து, புது வெடிமருந்து அளந்து போட்டு, மேலே புதுச் சன்னத்தை, அதாவது ஈயக் குண்டை, வைத்து அழுத்தினால் தோட்டா. அதைக் கொண்டுபோய்ச் சுடுவோர் சங்கத்து மைதானத்தில் கடதாசிக் குறியைச் சுடுவார்கள்.

எந்த மருந்து எவ்வளவு என்பதற்குப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்கள். இடப்பக்கம் தொடங்க வேண்டிய அளவு, வலப்பக்கம் தாண்டக் கூடாத அளவு. இடப்பக்கத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். சுட்ட கோது ரிவால்வர் உருளையிலிருந்து கழன்று வர மறுத்தால் அழுத்தம் மிஞ்சுகிறது என்று அர்த்தம், அங்கேயே நிற்க வேண்டும். மருந்தோ சன்னமோ கோதோ எது மாறினாலும் மறுபடி இடப்பக்கத்துக்கே போக வேண்டும். இவ்வளவுதான். இதை விளங்கப்படுத்துவதில் என் ஆயுள் போகிறது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மருந்து டின்னைக் கவுண்டரில் வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொள்வேன். வாங்க வந்தவர் புத்தகத்தைத் திறந்து இடப்பக்கத்து எண்ணை வாய்விட்டு வாசித்தால்தான் கையை எடுப்பேன். கோயிலில் சிறுபிள்ளைகள் பாடம் ஒப்பிப்பது மாதிரி இருக்கிறது என்று முதலாளி நீனோ இதற்கு 'ஞானோபதேச வகுப்பு' என்று பெயர் வைத்திருந்தார். இந்தப் பழக்கத்தை ஒரே ஒரு நாள் விட்டேன். அதற்குப் போனது என் விரல் அல்ல, தோத்தோ என்ற நல்ல மனிதரின் வலது கை விரல்கள். சொன்னதையே சொல்லி நாக்குத் தேய்ந்த கடைச் சிப்பந்திகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இந்த ஊர்க்காரர்கள் சிசிலிப் பேச்சில் சொன்னதை எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எழுதுகிறேன். வேறு பேச்சு எனக்கு வராது.

பல் வைத்தியரின் அவசரம்

பணக்காரர் வாழும் லிபெர்த்தாப் பகுதியில் பெரிய வீடும் சொந்தக் கிளினிக்கும் உள்ள பல் வைத்தியர் ஒருவர் புது ரிவால்வர் வாங்கினார். புத்தகத்தைத் திறந்தார், விரல் நேரே வலப்பக்கத்துக்குப் போனது. "இடப்பக்கம் வாசியுங்கோ டொக்டர்" என்றேன். "அது பழக்கமில்லாத ஆக்களுக்கு" என்றார். "உங்களுக்கு எத்தினை வருசப் பழக்கம்?" என்று கேட்டேன். முந்தைய நாள்தான் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்திருந்தார்.

பல் பிடுங்கும்போது மரப்பு ஊசியை ஒரேயடியாக அதிகபட்சம் போடுவீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். படித்த மனிதருக்கு அவர் தொழிலிலேயே உதாரணம் சொன்னால் ஏறும் என்று ஒரு நம்பிக்கை. அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு இடப்பக்கத்து எண்ணை, கசப்புக் குளிசை விழுங்குகிறவர் மாதிரி வாசித்துவிட்டு டின்னை எடுத்துக்கொண்டார். வாசலில் திரும்பி நின்று சொன்னார்: "நோவுறது மற்றவன்ர பல்லு எண்டால் நானும் உன்னைப் போலக் கவனமாத்தான் இருப்பன்."

கோப்பிக் கரண்டி

அல்பெர்கேரியாப் பகுதியில் என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு கேக் கடை. அதன் சொந்தக்காரரும் தோட்டா செய்கிறவர். இங்கே மருந்து அளவுக்கு 'ரிச்செத்தா' என்றுதான் சொல்வார்கள், சமையல் குறிப்புக்கும் அதே சொல். அதனால் எல்லோருக்கும் அது மச்சானிடமிருந்து, சித்தப்பாவிடமிருந்து வந்த குடும்பச் சொத்து. புத்தகத்தை நம்பாதவன் சித்தப்பாவை நம்புவான். இவர் ஒருபடி மேலே போய், தராசும் இல்லாமல் கோப்பிக் கரண்டியால் அள்ளிப் போட்டிருக்கிறார்.

நான் தலையில் கை வைத்தேன். "கறிக்கு உப்புப் போடுறது மாதிரித்தான். பிறகு கூட்டலாம், போட்டதை எடுக்க ஏலாது" என்றேன். உப்பு உதாரணம் அவருக்குப் பிடித்துவிட்டது. தராசு வாங்கினார், வாசித்தார், வீட்டுக்குப் போய்ச் செய்து வைத்திருந்த அத்தனை தோட்டாவையும் ஒவ்வொன்றாகப் பிரித்து மருந்தைக் கொட்டித் தராசில் நிறுத்திருக்கிறார். அடுத்த கிழமை வந்தபோது ஆளின் முகத்தில் இரத்தம் இல்லை. ஒரு கோதில் இரண்டு தரம் மருந்து விழுந்திருந்ததாம். மெல்லச் சொன்னார்: "அந்த ஒண்டு எத்தினையாவதா வந்திருக்கும் எண்டு நினைச்சு நினைச்சு ஒரு கிழமையா மாவு பிசைய ஏலாமல் இருக்கு."

விளையாட்டுச் சாமான்

என் மனைவி ஜெயா லிபெர்த்தாவில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவைப் பராமரிக்கிறாள். தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களிடம் நான் விளையாட்டுச் சாமான் கடையில் நிற்கிறேன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள். அவளுடைய அண்ணன் எங்கள் ஊரில் எப்படிச் சுடப்பட்டுப் போனான் என்று எனக்குத் தெரியும், அதனால் நான் மறுத்துப் பேசுவதில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், என்னால் ஒருவருக்கும் காயம் வராதபடிதான் வேலை செய்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இஞ்சேருங்கோ, இன்னும் வரேல்லை எண்டு சொல்லுங்கோ."

தோத்தோவின் கொப்பி

தோத்தோ துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவரே அவர்தான். நான் கப்பல் துறையில் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த காலத்தில் என் கையைப் பிடித்து நீனோவிடம் கூட்டி வந்து, "இவன் ஒரு வேலையைச் சொன்னால் ரெண்டு தரம் செய்து பாக்கிறவன்" என்று விட்டுப் போனார். வேலை ஒப்பந்தம் இருந்ததால்தான் எனக்குப் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்கும் அனுமதி, ஒவ்வொரு தரமும் புதுப்பித்துக் கிடைத்தது. ஆகவே ஒன்பது வருடமாக நான் தின்ற சோற்றில் அவர் பெயர் இருக்கிறது.

என் ஞானோபதேச வகுப்பின் முதல் மாணவரும் அவர்தான். ஒரு கொப்பி வைத்திருந்தார். எந்த மருந்து, எந்தச் சன்னம், என்ன அளவு, கோது லேசாகக் கழன்றதா இல்லையா, எல்லாம் பாரந்தூக்கி ஓட்டியவரின் கவனத்தோடு எழுதியிருப்பார். ஒரே மருந்தில் இடப்பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சிட்டிகை ஏற்றி, வலப்பக்கத்துக்குச் சற்றுக் கீழே வந்து நின்றார். அதற்கு ஒரு வருடம் எடுத்தது. அவசரமே இல்லையா என்று கேட்டேன். "பாரம் தூக்கினவனுக்குத் தெரியும், கயிறு அறுறதுக்கு முன்னம் ஒருக்காச் சத்தம் போடும், அதைக் கேக்கத்தான் மெல்லத் தூக்கிறது" என்றார்.

நேப்பிள்ஸ் சரக்கு வராத கிழமை

கடல் கொந்தளித்து நேப்பிள்ஸிலிருந்து சரக்கு வராத ஒரு சனிக்கிழமை. கடையில் ஏழெட்டுப் பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கிறார்கள். தோத்தோ வழக்கமாக எடுக்கும் மருந்து தட்டில் இல்லை. வேறு கொம்பனியின் டின் இருந்தது. அது கொஞ்சம் விரைவாக எரிந்து அழுத்தம் கூட்டுகிற மருந்து. பழைய அளவை அதற்குப் போடவே கூடாது. எனக்கு இது தெரியாமல் இல்லை. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

வேறு யாராவது என்றால் கையை டின் மேல் வைத்திருப்பேன். இவர் தோத்தோ. எனக்கே பாடம் நடத்தக்கூடியவர். அவரை ஏழு பேருக்கு முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி வாசிக்கச் சொல்வதா? மரியாதை பார்த்தேன். "ரெண்டும் ஒண்டுதானோ?" என்று கேட்டார். அடுத்தவருக்குத் தோட்டாப் பெட்டி எடுக்க ஏணியில் ஏறிக்கொண்டே, "கிட்டத்தட்ட ஒண்டுதான்" என்றேன். என் வாயிலிருந்து வந்த சொல் அது. அவர் டின்னைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: "நீ சொன்னால் சரிதான், அன்ரன்."

விசாரிக்க வந்தவர்

மறு சனிக்கிழமை மைதானத்தில் அவருடைய ரிவால்வரின் உருளை பிளந்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. வலது கையின் பெருவிரலும் அடுத்த விரலில் பாதியும் போய்விட்டன. நான் ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு நாள் எடுத்தேன். முதல் நாள் ஆஸ்பத்திரிப் படலை வரை போய்த் திரும்பி வந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி தாளும் பேனாவுமாக இருந்தார். நீனோ சுவரோரமாக நின்றார். மருந்து மாறியதைக் கடையில் நின்றவர் எச்சரித்தாரா என்று அதிகாரி தோத்தோவிடம் கேட்டார். இல்லை என்றால் என் வேலை அன்றைக்கே போகும். வேலை போனால், அடுத்த மாதம் முடிகிற பெர்மெஸ்ஸோவும் போகும். ஜெயாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன் என்று சத்தியம் செய்ய ஆசை. திறக்கவில்லை. தலையணையில் சாய்ந்திருந்த தோத்தோ என்னைப் பார்க்காமல், அதிகாரியின் பேனாவைப் பார்த்துச் சொன்னார்: "எழுதுங்கோ. அவன் வாசிக்கச் சொன்னவன், நான்தான் கேக்கேல்லை."

இடது கையால் கோப்பி

மூன்று மாதம் கழித்துத் தோத்தோ கடைக்கு வந்தார். பக்கத்துப் பாரில் இரண்டு கோப்பி எடுத்தோம். இடது கையால் கோப்பையைத் தூக்கும்போது கொஞ்சம் சிந்தியது. துடைக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார். தன் கொப்பியை எனக்கு முன்னால் வைத்தார். கடைசிப் பக்கத்தில் புது மருந்தின் பெயர் இருந்தது. அதற்கு நேரே பழைய அளவு, அதே அழகான கையெழுத்தில். கயிற்றின் சத்தத்தைக் கேட்கிற மனிதருக்கு அதைக் கேட்க இடமே கொடுக்காமல் விட்டவன் நான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

நான் போய் அந்த அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன். பெர்மெஸ்ஸோ அப்போது புதுப்பித்து என் சட்டைப் பையில் இருந்தது. அதனால்தான் தைரியம் வந்தது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மிச்சக் கோப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "வாயை மூடு, அன்ரன். நீ ஊருக்குத் திரும்பிப் போனால் என்ர விரல் முளைக்குமோ?"

இப்போது பாப்பரசரே வந்து நின்றாலும் இடப்பக்கத்து எண்ணை வாசிக்காமல் டின்னிலிருந்து கையை எடுக்கமாட்டேன். வாய் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காதவன் கவுண்டருக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறான் என்பதை மட்டும் இதுவரை எந்த வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை.