மரிபா அண்ணி வாயில் போடாத வால் கொழுப்பு

மரிபா அண்ணியின் கையைப் பார்த்தால் மல்யுத்தக்காரனே எழுந்து இடம் விடுவான். முழங்கைக்குக் கீழே நரம்பெல்லாம் கயிறு மாதிரி முறுக்கி நிற்கும். கெண்டைக்கால் கருங்கல். முகம் மட்டும் உருண்டை, தாடைக்குக் கீழே இரண்டு மடிப்பு. பயில்வான் உடம்பின் மேல் பழைய கூட்டுப்பண்ணைத் தலைவரின் தலையை வைத்த மாதிரி என்று நான் சொல்வதுண்டு. அவர் என் பெரியப்பா மகன் தொக்தாரின் மனைவி. அண்ணியைக் கேலி செய்யக் கொழுந்தனுக்கு எங்கள் கஜாக்குகளில் முழு உரிமை உண்டு. போதாததற்கு ஊர் விருந்துகளில் சபை நடத்திச் சிரிக்க வைப்பதே என் வேலை. அந்த வேலையால்தான் வினை வந்தது.

பதினான்கு வயதுவரை அண்ணியும் எல்லாரையும் போல இருந்த பெண்தானாம். அப்புறம் ஒரே வருஷத்தில் கை கால் வற்றிச் சதை முறுக்கிக் கொண்டது. விளையாட்டு வாத்தியார் இரும்புக் குண்டைக் கையில் கொடுத்து மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப் போனார். மூன்றாவது வீச்சில் அண்ணி தலை சுற்றி உட்கார்ந்து விட்டார். நாடகம் போடுகிறாள் என்றார் வாத்தியார்.

கல்யாணமாகி வந்தபோது மாமியாருக்கு வாயெல்லாம் பல். இரண்டு ஆள் வேலைக்கு ஒரு மருமகள் கிடைத்தாள் என்று ஊரெல்லாம் சொன்னாள். வைக்கோல் கட்டு, உருளைக்கிழங்கு மூட்டை, கம்பளி கத்தரிக்க ஆட்டைப் புரட்டிப் பிடிப்பது, எல்லாவற்றுக்கும் கூப்பிடு மரிபாவை. மத்தியானத்துக்குள் அவருக்குக் கால் வெடவெடக்கும். உட்கார்ந்தால், இந்தக் கையை வைத்துக்கொண்டு சோம்பேறித்தனமா என்பார்கள். பொய் சொல்வானேன், நானும்தான் சொன்னேன்.

முப்பது வயதில் சர்க்கரை வந்தது. எங்கள் ஊர் மருத்துவமனையில் ஒரு டாக்டர் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, சாப்பாட்டைக் குறை என்றார். அண்ணி ஏற்கெனவே குருவி சாப்பிடுவது போலத்தான் சாப்பிடுவார். அடுத்து வந்தவர் கையை மட்டும் பார்த்துவிட்டு, பயில்வான்கள் போடும் ஊசி ஏதாவது போடுகிறாயா என்று கேட்டார். இப்படியே பல வருஷம். நடுவில் இரண்டு முறை விருந்து சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். கணையம் வீங்கி விட்டதாம். இரண்டாம் முறை எடுத்த ரத்தத்தைக் குழாயில் நான் கண்ணால் பார்த்தேன். மேலே பாலாடை மாதிரி மிதந்தது.

அப்போதுதான் ஆல்மாட்டிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர் முகத்தையும் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. பாவாடையை முழங்கால் வரைக்கும் தூக்கச் சொல்லிக் காலைப் பார்த்தார். அப்பாவுக்கும் இதே கால்தானா என்று கேட்டார். அதே கால்தான். நாற்பத்தாறு வயதில் மாரடைப்பில் போனவர்.

“உங்க கையிலயும் கால்லயும் கொழுப்பு தங்க இடமே இல்லம்மா. போக்கிடம் இல்லாம ரத்தத்துல சுத்துது, ஈரல்ல போய் படியுது. இது பரம்பரையா வர்றது. கொழுப்ப வாயில வைக்காதீங்க. இன்னொரு தடவை கணையம் வீங்குனா உயிருக்கு உத்தரவாதம் இல்ல.”

பிள்ளைகள் எத்தனை என்று டாக்டர் கேட்டார். ஒரே பெண். அவளுக்கும் இது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். மகள் அகேர்கே பதினைந்து வயதிலிருந்தே கோடையில்கூட முழுக்கை சட்டைதான் போடுகிறாள்.

அந்த அகேர்கேயைத்தான் போன வசந்தத்தில் பக்கத்து ஊரிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பையன் எலாமன் கால்நடை மருத்துவன். அகேர்கே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். என் அம்மா காதில் மட்டும் இப்போது போடாதே என்று அவன் சொன்னானாம். மகளும் தாயிடம் கெஞ்சினாள். கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று.

நிச்சயதார்த்தம் என்றால் எங்களுக்கு மோதிரம் பெரிதல்ல, வால் கொழுப்புதான். செம்மறியின் வால் கொழுப்பையும் ஈரலையும் வேகவைத்து, துண்டு போட்டு, சம்பந்திகள் ஒருவர் வாயில் ஒருவர் ஊட்ட வேண்டும். தின்றால் பேச்சு முடிந்தது, அதற்கப்புறம் யாராலும் மாற்ற முடியாது. தின்னாவிட்டால் உன் வீட்டு உறவு வேண்டாம் என்று அர்த்தம்.

அண்ணி பத்து நாளாகத் தூங்கவில்லை. நான் ஒரு யோசனை சொன்னேன். வெள்ளை முள்ளங்கியைக் கறிச்சாற்றில் வேகவைத்தால் அச்சு அசல் வால் கொழுப்பு. அதைத் தட்டில் ஒரு ஓரமாக வைத்து, அந்தப் பக்கத்தை, அண்ணிக்கு ஊட்டப்போகும் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நேராக நானே திருப்பி வைக்கிறேன் என்றேன். என் மனைவி முள்ளங்கியை நறுக்கினாள். நறுக்கும்போதே, உன் புத்திக்கு ஒருநாள் சிறைக்குத்தான் போவாய் என்றும் சொன்னாள்.

விருந்தன்று சபையைக் கலகலப்பாக்க வேண்டுமே என்று அண்ணியின் கையைப் பற்றி நாலு ஜோக் அடித்தேன். சம்பந்தி வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எலாமனின் பெரியப்பா சதீர்தான் அவர்கள் பக்கத்துத் தலைக்கட்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தம்மா ஆட்டை முழுசாகவே விழுங்குமே என்றார்.

தட்டு வந்தது. நான் திருப்பி வைத்தேன். எலாமனின் அம்மா குல்சிரா பெரிய மனசுக்காரி. ஓரத்தில் கிடந்ததெல்லாம் சின்னத் துண்டு என்று நினைத்து, நடுவில் கைவிட்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை எடுத்தாள். கொழுப்பு விரலிடுக்கில் வழிந்தது. அப்படியே அண்ணி வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனாள்.

அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இத நான் தின்னா ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன், சம்பந்தியம்மா. ஈரலக் குடுங்க, தட்டு நிறையத் திங்கிறேன். கொழுப்பு ஆகாது எனக்கு.”

சபை கொல்லென்று சிரித்தது. நான் சொல்லிக் கொடுத்த அடுத்த ஜோக் என்று நினைத்து விட்டார்கள். குல்சிராவும் சிரித்துக்கொண்டே துண்டை உதட்டில் வைத்து அழுத்தினாள். நான் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

அண்ணி தலையைத் திருப்பிக் கொண்டார். துண்டு விரிப்பில் விழுந்தது. சிரிப்பு நின்றது.

“நீ வாய மூடு, சார்சென்,” என்றார் முதலில் என்னிடம். அப்புறம் எல்லார் முன்னாலும் பாவாடையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். அப்பா செத்ததைச் சொன்னார். ரத்தத்தில் மிதந்த பாலாடையைச் சொன்னார். கடைசியில் மகளையும் சொன்னார். “அவளுக்கும் இதே கைதான். ரத்தம் இன்னும் சோதிக்கல. அவ பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். இப்ப சொல்லுங்க, வேணுமா வேண்டாமா.”

சதீர் எழுந்து விட்டார். இந்தக் கையோடு நோயாளியாம், பெண் கொடுக்க மனசில்லை என்றால் நேராகச் சொல்ல வேண்டியதுதானே என்றார்.

குல்சிரா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். “என் பையனுக்கு இது தெரியுமா?”

“தெரியும்,” என்றார் அண்ணி.

குல்சிராவின் முகம் கறுத்தது. விழுந்த துண்டை எடுத்துத் தானே வாயில் போட்டு மென்றாள். ஈரலை எடுத்து அண்ணியின் வாயில் திணித்தாள். “சரின்னு நினைச்சுக்காதீங்க. ஆறினா வீணாப் போயிடும், அதான் தின்னேன்,” என்றாள். தேதி குறிக்காமலே போய் விட்டார்கள்.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. அகேர்கே தாயிடம் பேசுவதை நிறுத்தி விட்டாள். ஒரே ஒரு துண்டை விழுங்கித் தொலைத்திருக்கலாம் என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். ஊரில், மரிபாவுக்குத் திமிர், சம்பந்தி ஊட்டியதைத் துப்பினாள் என்று பேச்சு. உண்மையை நான் கடைத்தெருவில் சொன்னால், சிரிப்பு எப்போது வரும் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அப்புறம் குல்சிராவே போன் செய்தாள். ஆல்மாட்டி டாக்டரைத் தானே நேரில் பார்க்க வேண்டுமாம். என் காரில்தான் போனோம். முன்சீட்டில் குல்சிரா, பின்னால் தாயும் மகளும். நாலு மணி நேர ஓட்டம். நான் இரண்டு ஜோக் சொல்லிப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தேன்.

உள்ளே அகேர்கேக்கு ரத்தம் எடுத்தார்கள். குல்சிரா டாக்டரோடு ஒரு மணி நேரம் தனியாக இருந்தாள். வெளியே வந்ததும் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து, ரத்தத்தில் என்ன வந்தாலும் வரட்டும், கிழங்கு தோண்டி முடிந்ததும் கல்யாணத்தைச் செப்டம்பரில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். சதீரைத் தான் பார்த்துக்கொள்கிறாளாம். மருமகளின் தட்டில் கொழுப்பே வைக்க மாட்டாளாம். அந்த டாக்டர் எவ்வளவு தெளிவாகச் சொல்கிறார் என்று வியக்கவும் செய்தாள்.

அகேர்கே அழுதுகொண்டே தாயின் கையைப் பிடித்தாள். நான் அண்ணி சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

“அந்த டாக்டரம்மா என்ன புதுசாவா சொன்னாங்க?” என்றார். “அன்னைக்கு நான் சொன்னத விட ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருப்பாங்களா?”

குல்சிரா யோசித்துப் பார்த்தாள். “இல்ல,” என்றாள்.

அண்ணி மகளின் கையை விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார்.